ஆசுபத்திரி வாசல் குழாயடி

‘வருத்தம்’ என்ற ஒரு சொல்தான் என்னைக் கடல் தாண்ட வைத்தது.

எழுபதுகள் முடியப்போகிற சமயம். கல்முனையிலிருந்து சேலை வாங்க வந்த வியாபாரி ஒருவர் பாளையங்கோட்டையில் என் கடைக்குச் சாப்பிட வந்தார். நான் யாருடைய தம்பி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, கை கழுவும்போது சொன்னார்: “உங்கட காக்காவுக்குச் சரியான வருத்தம். ஒருக்காப் போய்ப் பாருங்க.”

காக்கா என்றால் அண்ணன். எங்கள் ஊரில் வருத்தம் என்றால் மனக்குறை. பாஸ்போர்ட் நேரத்துக்கு வராததால் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அதைத்தான் மனதில் வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். சமாதானம் செய்யப் பெரிய டின் நிறைய நெய் அல்வா கிண்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த நாட்டில் வருத்தம் என்றால் நோய் என்று போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அண்ணனுக்கு இருந்தது சீனி வருத்தம். நாம் சர்க்கரை வியாதி என்கிறோமே, அதுதான். மதினி டின்னைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், மூடி அலமாரியில் வைத்தார். அன்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. மறுநாளிலிருந்து அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ள வேறு ஆட்கள் கிடைத்தார்கள்.

அண்ணன் வாலிபத்தில் வியாபாரத்துக்குப் போய் அங்கேயே நிக்காஹ் செய்துகொண்டவர். அந்தப் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறார். ஊர் அவரை ‘இந்தியாக் காக்கா’ என்றே கூப்பிடுகிறது. பேச்செல்லாம் அந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது. யாரிடமும் முகம் முறித்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத மனுசன். அந்தக் குணம் மட்டும் பாளையங்கோட்டையிலிருந்து கொண்டுபோனது.

முதல் நாள் மதினி எனக்கு இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்தார். கடலிலிருந்து வந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத கீரி மீனைப் புளி கரைத்துக் காய்ச்சியிருந்தார். பிறகு எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர் அது. சமையல்காரன் நான், எதையும் லேசில் புகழமாட்டேன். அன்று வாய் மூடிச் சாப்பிட்டேன். எனக்கு எதிரே அண்ணன் கேழ்வரகுக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தார். அங்கே அதைக் குரக்கன் என்கிறார்கள். வெறும் கஞ்சி, உப்புக்கூட இல்லை.

“என்ன இது?” என்றேன்.

“பரிசாரியார் பத்தியம் செல்லியிரிக்கார் தம்பி. சோறு, மீன் ஒண்டும் வேணாமாம்.”

பரிசாரியார் என்றால் நாட்டு வைத்தியர். அவர் கட்டிய இலைக்கட்டு அண்ணனின் வலது காலில் இருந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த பெருவிரல் கறுத்திருந்தது. அறைக்குள் ஒரு வாடை. கெட்ட இறைச்சியின் வாடை எனக்குத் தெரியும். அந்தக் கால் மிஞ்சுமா என்ற பயம் அப்போதே எனக்கு வந்துவிட்டது.

மறுநாள் ஆசுபத்திரி கிளினிக். எந்த ஊர் ஆசுபத்திரி என்று எழுதமாட்டேன். கரையோரத்தில் ஒன்று, அவ்வளவுதான். பஸ் சிவப்பு நிறம். அதற்குள் ஏறிய சனமோ இரண்டு பஸ் சனம். அறுவடைக் காலமாதலால் தார் ரோட்டில் பாதியை நெல் காயப்போட்டு அடைத்திருந்தார்கள். எதிரே மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்து நிற்க, எங்கள் டிரைவர் இறங்கி அந்த டிரைவரிடம் ஊர்ச் செய்தி கேட்கத் தொடங்கிவிட்டார். காலில் புண்ணோடு அண்ணன் நின்றுகொண்டே வந்தார். ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். “வேணாம் மகள், இரிங்க” என்று அதையும் மறுத்துவிட்டார்.

ஆசுபத்திரி வாசலுக்கு வெளியே மதிலோரம் ஒரு தண்ணீர்க் குழாய். அங்கேதான் என் ரத்தம் கொதிக்கத் தொடங்கியது. அண்ணன் உள்ளே போகாமல் நேரே அந்தக் குழாயடிக்குப் போனார். அவருக்கு முன்னால் ஆணும் பெண்ணுமாக ஒரு வரிசை. ஒவ்வொருவரும் காலையோ கையையோ சுற்றியிருந்த இலைக்கட்டை அவிழ்த்து, எண்ணெய்ப் பிசுக்குப் போக சவுக்காரம் போட்டுக் கழுவி, பையிலிருந்து பழைய ஆசுபத்திரித் துணியை எடுத்துச் சுற்றிக்கொண்டு யோக்கியமாக உள்ளே போனார்கள். அண்ணன் முறையும் வந்தது. பச்சைப் புண்ணில் குழாய்த் தண்ணீரை விட்டுத் தேய்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டார்.

“என்ன பண்ணுறீங்க?” என்று கத்திவிட்டேன்.

“மெல்லக் கதைங்க தம்பி. இலைக்கட்டோட போனா டொக்டர் ஏசுவார்.”

“அப்ப அதைக் கட்டாம இருக்க வேண்டியதுதானே?”

“பரிசாரியார் வயசான மனிசன். அவர் கையால கட்டுறத வேணாமெண்டு நான் எப்பிடிச் செல்லுற?”

“அவர்கிட்ட போகும்போது?”

“ஆசுபத்திரிக் கட்ட அவுத்திட்டுப் போவன். அதான் மரியாத.”

ஈரக் காலில் ஈரத் துணி. இந்த மரியாதைக்காக வாரம் இரண்டு முறை அந்தப் புண் திறக்கப்பட்டிருக்கிறது, மாதக் கணக்கில். என் கையில் அகப்பை இருந்திருந்தால் அந்தக் குழாயை அடித்து நொறுக்கியிருப்பேன்.

உள்ளே டாக்டர் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்த சிங்களவர், சின்ன வயது, களைத்த முகம். அவர் சிங்களத்தில் கேட்க, பக்கத்தில் நின்ற அட்டெண்டன் தமிழில் சொல்வார். உள்ளூர்க்காரரான அவர் அண்ணனைப் போலவே மரியாதைக்காரர். டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு முகம் சிவக்க நீளமாக ஏதோ சொன்னார். அட்டெண்டன் அதை, “கொஞ்சம் கவனமா இரிக்கட்டாம்” என்று முடித்துவிட்டார்.

அடுத்த கேள்வி வந்தது. “வேற எவடத்திலயும் மருந்து குடிக்கிறீங்களா எண்டு கேக்கிறார்.”

“இல்ல” என்றார் அண்ணன், கண்ணைக்கூட இமைக்காமல்.

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். “பெரிய மனுசன் பொய் சொல்லலாமா?”

அண்ணனுக்கு உண்மையாகவே மனம் நொந்துவிட்டது. “நான் எங்க பொய் சென்ன? மருந்தெண்டா போத்தல்ல ஊத்தித் தார தண்ணி மருந்து. அத நான் எவடத்திலயும் குடிக்கிறல்ல. பரிசாரியார் தாரது குடிநீரும் எண்ணையும். பஜார்ல வாங்குறது குளிசை.”

குடிநீர் என்றால் கஷாயம், குளிசை என்றால் மாத்திரை. நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். “பஜார்ல என்ன குளிசை?”

விஷயம் இதுதான். முன்பு ஒரு முறை ஆசுபத்திரியில் சீனிக் குளிசை தீர்ந்துபோயிருந்தது. அண்ணன் பஜாரில் உள்ள தனியார் மருந்துக் கடைக்குப் போனார். அங்கிருந்தவர் ரோஸ் நிறத்தில் ஒன்று கொடுத்தார். பிறகு ஆசுபத்திரியில் வெள்ளைக் குளிசை வந்துவிட்டது. அண்ணன் வெள்ளையையும் விழுங்கினார், ரோஸையும் விடவில்லை. கொடுத்தவர் நிறுத்தச் சொல்லவில்லையே!

நேரே அந்தக் கடைக்குப் போனேன். “இவர் ஆசுபத்திரியிலயும் வாங்கிச் சாப்பிடுறாரு, தெரியுமா உங்களுக்கு?”

“அத அவர் செல்லல்லயே. நான் எங்க போய்க் கேக்கிற?” என்றார் கடைக்காரர்.

எங்கே போய்க் கேட்பதா? அந்தக் கடைப் படியில் நின்றால் ஆசுபத்திரி மதில் தெரிகிறது. கழுத்தைத் திருப்பினால் போதும். என் கடையில் ஒரு குழம்புக்கு மூன்று பேர் தனித்தனியாக உப்புப் போட்டால், அன்றைக்கே மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். இங்கே என் அண்ணன்தான் குழம்பு. எவனும் எவனையும் கேட்பதில்லை.

டாக்டரிடம் சொல்லிவிடுவோம் என்று திரும்பி ஓடினேன். “கிளினிக் முடிஞ்சிட்டு. வாற கிழமை வாங்க” என்றார் வாசல்காரர். உள்ளே டாக்டர் நடந்து போவது தெரிகிறது. கெஞ்சினேன், கத்தினேன். வாற கிழமைதான்.

மறுநாள் காரைதீவில் பரிசாரியார் வீடு. நீங்கள் போகவே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், அண்ணன் கேட்கவில்லை. வழியில் ஒரு கிணற்றடியில் ஆசுபத்திரித் துணியை அவிழ்த்து, மறுபடியும் கழுவல். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பரிசாரியார் தமிழர், எழுபதைத் தாண்டியவர், வெள்ளை வேட்டி, திருநீறு. அண்ணனின் கையைப் பிடித்து நாடி பார்த்த விதத்தில் அக்கறை இருந்தது, அதை மறுக்கமாட்டேன். அவரும் அதே கேள்வியை அவருடைய பாஷையில் கேட்டார். “இங்கிலீசு மருந்து ஏதும் குடிக்கிறீங்களோ?”

“இல்ல ஐயா.”

“ரெண்டு விதக் குளிசை முழுங்குறாருங்கய்யா!” என்று போட்டு உடைத்தேன்.

பரிசாரியார் நிமிர்ந்து பார்த்தார். பதில் சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அண்ணனின் நெற்றியில் வேர்வை பொங்கியது, கை நடுங்கியது. என்னைப் பார்த்து ‘வாப்பா’ என்று கூப்பிட்டார். எங்கள் தகப்பனார் இறந்து எத்தனையோ வருசம். அப்படியே பாயில் சரிந்தார்.

“இது என்ட கையில இல்ல. கெதியா ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க” என்றார் பரிசாரியார். சொன்னவர் அதோடு நிற்கவில்லை. ரோட்டுக்கு ஓடி, வந்துகொண்டிருந்த ஒரு டிராக்டரைக் கை காட்டி நிறுத்தினார். சம்மாந்துறை அரிசி ஆலைக்கு நெல் ஏற்றிப் போகிற வண்டி. இரண்டு மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு அண்ணனைப் படுக்க வைத்தோம். டிரைவர் யார், என்ன சாதி, என்ன சமயம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆலையை மறந்து நேரே ஆசுபத்திரிக்கு விட்டான்.

இந்த முறை நான் யாரும் கேட்கக் காத்திருக்கவில்லை. வெள்ளைக் குளிசை, ரோஸ் குளிசை, குடிநீர், எண்ணெய், உப்பில்லாத கஞ்சி எல்லாவற்றையும் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு போனேன். டாக்டர் ஓடிவந்தார். ஏதோ ஓர் ஊசி கையில் ஏறியது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் கண்ணைத் திறந்து, “ஏன் எல்லாரும் நிக்கிறீங்க, இரிங்க” என்றார்.

இரண்டு நிறமும் ஒரே வேலையைச் செய்கிற மாத்திரைகளாம். போதாததற்குப் பத்தியம். உடம்பில் சீனி வற்றிப்போய் விழுந்திருக்கிறார். டாக்டர் பிறகு கட்டை அவிழ்த்தார். அழுகல் எலும்புக்குப் போய்விட்டதென்றும், தாமதித்தால் முழங்காலுக்கு ஏறிவிடும் என்றும், பெரிய ஆசுபத்திரிக்கு அனுப்பிக் காலை எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். அட்டெண்டனாலும் அதை மென்மையாக்க முடியவில்லை.

அண்ணன் தலையாட்டவில்லை. வாழ்க்கையில் அவர் யாரிடமாவது ‘முடியாது’ என்று சொல்லி நான் பார்த்தது அன்றுதான். “பரிசாரியார் காலைக் காப்பாத்தலாம் எண்டு சென்னவர். அவரக் கேக்காம வெட்ட விடமாட்டன்.”

மதினி அழுதார், நான் திட்டினேன், பலனில்லை. அடுத்த நாள் நான் காரைதீவுக்குப் போய், வந்து ஒரு வார்த்தை சொல்லும்படி பரிசாரியாரைக் கூப்பிட்டேன். அவர் வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு சொன்னார்: “நேத்துப் பின்னேரம் நான் அங்க வந்தனான். வேட்டி மாத்திக்கொண்டு, பஸ் ஏறி வந்தனான். பரிசாரிமார உள்ள விடேலாது எண்டு வாசல்ல நிப்பாட்டிட்டாங்க. இனி வரமாட்டன்.”

காரைதீவிலிருந்து ஆசுபத்திரி வரைக்கும் பஸ்ஸில் நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வந்தேன். ஒரு கிழவர் தன் நோயாளியைத் தேடிவருகிறார், அவரை விரட்டுகிறான் ஒருவன். அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராததால் என் அண்ணனின் கால் மணிக்கு மணி அழுகிக்கொண்டிருக்கிறது. இதற்குப் பெயர் வைத்தியமா?

டாக்டர் வார்டிலிருந்து வந்துகொண்டிருந்தார். வழியை மறித்தேன். எனக்குச் சிங்களம் தெரியாது, அவருக்குத் தமிழ் அரைகுறை. கோபத்துக்கு எந்தப் பாஷையும் போதும். அவர் சட்டைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அட்டெண்டன் “சேர், சேர்” என்று பின்னாலேயே ஓடிவந்தார். அன்றும் ஏதோ கிளினிக், குழாயடியில் வழக்கமான வரிசை. ஒரு பெண் கையிலிருந்த இலைக்கட்டை அவிழ்த்துத் தீப்புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“பாருங்க! நல்லாப் பாருங்க! உங்ககிட்ட வர்றதுக்குத்தான் இப்படிக் கழுவுறாங்க!”

அட்டெண்டன் மொழிபெயர்த்தார். முதல் முறையாக ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னார் என்று நினைக்கிறேன். டாக்டர் அந்தப் பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிங்களத்தில் மெதுவாக ஏதோ சொன்னார்.

“ஒளு எடுக்கிறாங்க எண்டு நெனச்சாராம்,” என்றார் அட்டெண்டன். “தொழுகைக்குக் கை கால் கழுவுறாங்க எண்டு. வந்த நாளையில இருந்து பாக்கிறாராம். அவங்கட மார்க்க விசயம், ஆரும் தடுக்கக் கூடாதெண்டு ஓடர் போட்டதும் அவர்தானாம்.”

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இவரும் மரியாதைக்காரர்தான்! அந்தக் கரையில் மரியாதைக்குப் பஞ்சமே இல்லை. ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்கத்தான் ஆளில்லை. “வரிசையில தமிழ் ஆளுகளும் நிக்கிறாங்களே, நெத்தியில திருநீறோட! அவங்களும் தொழப் போறாங்களா?” என்றேன். அதை அட்டெண்டன் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

டாக்டர் ஆசுபத்திரி வேனை எடுக்கச் சொன்னார். காரைதீவில் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பரிசாரியார் வீட்டுக்குள் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. வெளியே வரும்போது கிழவரும் தோளில் சால்வையைப் போட்டுக்கொண்டு கூடவே கிளம்பி வந்தார்.

திரும்பி வரும் வழியில் இரண்டு பேரும் பின்சீட்டில், நடுவில் அட்டெண்டன். என்ன எண்ணெய் என்று ஒருவர் கேட்க, என்ன ஊசி என்று மற்றவர் கேட்டார். பரிசாரியார் ஓரிடத்தில் நிறுத்திச் சொன்னார்: “என்னட்ட வரக்குள்ள எப்பவும் கால் ஈரமாத்தான் இருக்கும். ஆசுபத்திரியில ஈரச் சீலையால கட்டுறாங்களாக்கும் எண்டு நெனச்சன். கேக்கல்ல.” 

வார்டில் அண்ணன் அவர்கள் இருவரையும் சேர்த்துக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார். முகம் பூரித்துவிட்டது, என்னமோ விருந்தாளிகள் வந்த மாதிரி. டாக்டர் கட்டை அவிழ்த்தார். பரிசாரியார் குனிந்து பார்த்தார், முகர்ந்தார். பிறகு பாதத்திலிருந்து மேலே மேலே விரலால் அழுத்திக்கொண்டு வந்தார். கணுக்காலைத் தாண்டி, கெண்டைச் சதைக்குக் கீழே ஓரிடத்தில் விரல் நின்றது.

“இவடத்துக்கு மேலதான் உசிர்ச் சூடு இரிக்கு” என்றார்.

அட்டெண்டன் வாயைத் திறப்பதற்குள் டாக்டரின் விரலும் வந்து அதே இடத்தைத் தொட்டது. பரிசாரியார் ஆமென்று தலையசைத்தார். மாதக் கணக்காக என் அண்ணனை ஆளுக்கொரு பக்கம் இழுத்த இரண்டு வைத்தியமும் சேர்ந்து எடுத்த முதல் முடிவு அதுதான். எங்கே வெட்டுவது என்பது. அந்த இரண்டு விரல்களும் சில மாதங்களுக்கு முன்பே இப்படி ஒன்றாக வந்திருந்தால் பெருவிரலில் ஒரு துண்டோடு போயிருக்கும் என்று டாக்டரே பிறகு என்னிடம் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அண்ணன் இரண்டு விரல்களையும் பார்த்தார். “ரெண்டு பேரும் ஒரே இடத்தக் காட்டுறாங்க. அப்ப பிழை வராது. வெட்டட்டும்” என்றார் நிம்மதியாக.

மதினி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். எனக்கோ அந்த இரண்டு பேரையும் பார்த்துக் கத்த வேண்டும்போல் இருந்தது. கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். காதோடு, அவர்களுக்குக் கேட்காதபடி கேட்டார்:

“வந்தவங்களுக்குப் பிளேன்டீ ஏதும் குடுத்தீங்களா?”

இந்த மரியாதைதான் உங்கள் காலைத் தின்றது என்று சொல்ல வாயெடுத்தேன்.  அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் ரோட்டைக் கடந்து போய், இரண்டு பேருக்கும் தேநீர் வாங்கிவந்து கொடுத்தேன்.